110 வரிசைகள் 7 எண்களான கணக்கு: ஒரு கடன் ஆய்வில் ஃபில்டர் செய்த வேலை

2010 மே மாத ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப். நிதி நெருக்கடிகளின் வரலாற்றை ஆராய்வதில் இருவரும் பெயர் பெற்றவர்கள். ரோகாஃப் ஹார்வர்டு பேராசிரியர். 2001 முதல் 2003 வரை பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். வளர்ந்த நாடுகளில் அரசின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டுகளில் வளர்ச்சி சராசரியாக −0.1 சதவீதம் என்று கட்டுரை காட்டியது. அதாவது அந்த எல்லையைத் தாண்டிய பொருளாதாரம் வளரவில்லை, சுருங்கியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய அதே ஷீட்டிலிருந்து வேறு மூவர் எடுத்த விடை 2.2 சதவீதம்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் ‘எக்செல் பிழை’ என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டது, அதனால் உலகம் தவறாக வழிநடத்தப்பட்டது என்பதுதான் பரவிய கதை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஃபார்முலா பிழை உண்மைதான், ஆனால் அது மட்டும் இருந்திருந்தால் விடை பெரிதாக மாறியிருக்காது. எந்த வரிசைகள் உள்ளே வந்தன, எவை வெளியே நின்றன, உள்ளே வந்தவற்றை அதன்பின் எப்படிச் சேர்த்தார்கள் என்ற மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதில்தான் விஷயம் இருக்கிறது. எக்செலிலோ பைத்தானிலோ தினமும் தரவை வடிகட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். எண்கள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. கணக்கையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

தரவின் அமைப்பு

இருபது வளர்ந்த நாடுகள், 1946 முதல் 2009 வரையான ஆண்டுகள். ஒரு நாட்டின் ஓர் ஆண்டு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையிலும் நமக்குத் தேவையானவை இரண்டே எண்கள்: அந்த ஆண்டு அரசுக் கடன் ஜிடிபியில் எத்தனை சதவீதம், அந்த ஆண்டு பணவீக்கம் நீக்கிய ஜிடிபி எத்தனை சதவீதம் வளர்ந்தது.

கடன் அளவை வைத்து வரிசைகளை நான்கு பெட்டிகளாகப் பிரித்தார்கள்: 30 சதவீதம் வரை, 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேல். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் சராசரி வளர்ச்சி. இதில் சிக்கலான கணிதம் எதுவும் இல்லை. நிபந்தனை வைத்து வடிகட்டு, குழுவாகப் பிரி, சராசரி எடு, அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் மாத இறுதியில் நடக்கிற வேலை இது.

கிடைத்த தரவு முழுவதையும் எடுத்தால் மொத்தம் 1,175 வரிசைகள். பெட்டி வாரியாக 426, 439, 200, 110. கடைசிப் பெட்டியின் அந்த 110 வரிசைகளைத்தான் இங்கே பின்தொடரப் போகிறோம்.

அந்த ஒரு பெட்டியின் எண்ணுக்கு அரசியலில் கிடைத்த இடம் பெரியது. அப்போது உலகம் 2008 நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. அரசுகள் இன்னும் செலவு செய்ய வேண்டுமா, சிக்கனத்துக்குத் திரும்ப வேண்டுமா என்பதே அன்றைய சண்டை. பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சராவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2010 பிப்ரவரியில், தன் உரையில் இந்த ஆய்வை மேற்கோள் காட்டினார். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் பால் ரயான் தயாரித்த பட்ஜெட் திட்டம் இதைச் சான்றாக வைத்தது. ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரென் 2013 பிப்ரவரியில் எழுதிய கடிதத்திலும் 90 சதவீத எல்லை வந்தது. வேலையின்மை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் செலவுக் குறைப்புக்கு ஆதரவாக இந்த எண் எடுத்து வைக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இதை வெறும் ஷீட் பிரச்சினையாகப் பேச என்னால் முடியவில்லை.

ஷீட் வெளியே வந்த விதம்

தாமஸ் ஹெர்ன்டன் அப்போது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொருளியல் ஆராய்ச்சி மாணவர். வெளியான ஓர் ஆய்வை எடுத்து அதன் விடையைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பது அவருடைய வகுப்புப் பயிற்சி. அவர் இந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். பொதுவில் கிடைத்த தரவை வைத்து எப்படிக் கணக்கிட்டாலும் −0.1 வரவில்லை. கடைசியில் ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். 2013 ஏப்ரல் தொடக்கத்தில் ரெய்ன்ஹார்ட் தாங்கள் பயன்படுத்திய எக்செல் ஃபைலை அனுப்பி வைத்தார்.

இந்த இடத்தில் ரெய்ன்ஹார்ட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத மாணவர் ஒருவர் கேட்டதும் வேலை செய்த ஷீட்டையே அனுப்பினார். அது வராமல் இருந்திருந்தால் இந்த ஆய்வே எழுதப்பட்டிருக்காது.

ஹெர்ன்டன் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவருடன் சேர்ந்து 2013 ஏப்ரல் 15 அன்று மறு ஆய்வை வெளியிட்டார். அவர்கள் கணக்கைப் புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் எழுதி, அந்த நிரலையும் தரவையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தார்கள். அடுத்த நாளே ஷீட்டின் அந்த ஃபார்முலா தெரியும் படம் இணையமெங்கும் பரவியது.

முதல் கழிவு: ஆண்டுகள்

90க்கு மேல் கடன் இருந்த நாடுகள் பத்து. எத்தனை ஆண்டுகள், அந்த ஆண்டுகளில் சராசரி வளர்ச்சி எவ்வளவு என்று வரிசையாகச் சொல்கிறேன். கிரீஸ் 19 ஆண்டுகள், 2.9 சதவீதம். பிரிட்டன் 19 ஆண்டுகள், 2.4. பெல்ஜியம் 25 ஆண்டுகள், 2.6. ஜப்பான் 11 ஆண்டுகள், 0.7. இத்தாலி 10 ஆண்டுகள், 1.0. அயர்லாந்து 7 ஆண்டுகள், 2.4. ஆஸ்திரேலியா 5 ஆண்டுகள், 3.8. கனடா 5 ஆண்டுகள், 3.0. நியூசிலாந்து 5 ஆண்டுகள், 2.6. அமெரிக்கா 4 ஆண்டுகள், −2.0. கூட்டினால் 110 வரும்.

ரெய்ன்ஹார்ட்–ரோகாஃப் கணக்கில் ஆஸ்திரேலியாவின் 1946–50, கனடாவின் 1946–50, நியூசிலாந்தின் 1946–49 சேரவில்லை. 5, 5, 4 என்று 14 வரிசைகள் போய்விட, மீதி 96. கட்டுரையும் இந்தப் பெட்டியில் 96 வரிசைகள் என்றே சொல்கிறது.

பார்த்தால் சிறிய கழிவு. 110இல் 14 போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் போன 14 எங்கிருந்து போயின என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அந்தப் பெட்டியில் இருந்த எல்லா ஆண்டுகளும் போய்விட்டன. நியூசிலாந்துக்கு இருந்த ஐந்தில் நான்கு போய், 1951 மட்டும் தங்கியது. நியூசிலாந்தின் அந்த ஐந்து ஆண்டு வளர்ச்சி இப்படி: 7.7, 11.9, −9.9, 10.8, பிறகு 1951இல் −7.6. ஐந்தையும் சேர்த்தால் சராசரி 2.6. தங்கிய ஒன்றை மட்டும் பார்த்தால் −7.6. துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாட்கள் நீடித்த ஆண்டு அது. எப்படிப் பார்த்தாலும் ஒரு நாட்டுக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தகுந்த ஆண்டு அல்ல. போதாக்குறைக்கு ஷீட்டில் அது −7.9 என்று ஏறியிருந்தது. எண்ணைப் பார்த்து எழுதும்போது நேர்ந்த சின்ன வழு.

இந்த ஆண்டுகள் ஏன் இல்லை என்பதற்குக் கட்டுரையில் விளக்கம் இல்லை. தாங்கள் எழுதிய நேரத்தில் கடன் தரவில் இடைவெளிகள் இருந்தன, அந்நாடுகளின் பழைய தரவு முழுமையாகச் சரிபார்க்கப்படவில்லை என்று ஆசிரியர்கள் பின்னர் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். தரவு சேகரிப்பவர்களுக்கு இது தெரிந்த அனுபவம்தான். ஆனால் காரணம் நியாயமானதாக இருந்தாலும், வாசகருக்கு அது தெரிய வேண்டும். ‘1946 முதல்’ என்று தலைப்பில் இருக்கும்போது மூன்று நாடுகளுக்கு மட்டும் 1950 அல்லது 1951இல்தான் கணக்கு தொடங்குகிறது என்பதை யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

மாவு சலிக்கிறவர் சல்லடையில் தங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். ஷீட்டில் அந்த வசதி தானாக வராது. ஃபில்டர் போட்டதும் கடந்துவந்தது மட்டுமே திரையில் நிற்கும். போனதைப் பார்க்க வேண்டும் என்றால் நாமே தனியாகக் கேட்க வேண்டும். ஆர் மொழியிலும், பைத்தானில் தரவைக் கையாளும் தொகுப்பான பாண்டாஸிலும் இது ஒரே வரி வேலை: நிபந்தனையைத் தலைகீழாக்கி, வெளியே போனவற்றை நாடு வாரியாக எண்ணிப் பார்ப்பது. அதைச் செய்திருந்தால் ‘ஆஸ்திரேலியா 5/5, கனடா 5/5, நியூசிலாந்து 4/5’ என்று மூன்றே வரியில் விஷயம் முகத்தில் அறைந்திருக்கும். மொத்தத்தில் எத்தனை போயின என்பதைவிட எந்தக் குழுவிலிருந்து எத்தனை பங்கு போனது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இரண்டாம் கழிவு: ஐந்து வரிசை

இதுதான் புகழ்பெற்ற பிழை. சராசரி எடுத்த இடத்தில் ஷீட்டின் ஒரு வரிசைக்கு ஒரு நாடு. நாடுகளின் பெயர்கள் ஆங்கில அகரவரிசைக்குத் தலைகீழாக, 30ஆம் வரிசையிலிருந்து 49ஆம் வரிசை வரை இருந்தன. சராசரி எடுக்கும் ஃபார்முலாவோ 30 முதல் 44 வரை மட்டுமே எடுத்தது. கடைசி ஐந்து வரிசைகளில் இருந்த டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா வெளியே நின்றுவிட்டன.

டென்மார்க்கும் ஆஸ்திரியாவும் 90க்கு மேல் போனதே இல்லை. ஆஸ்திரேலியாவும் கனடாவும் முதல் கழிவிலேயே போய்விட்டன. எனவே இந்தப் பிழையால் கடைசிப் பெட்டி இழந்த ஒரே நாடு பெல்ஜியம்தான். ஆனால் அது 25 ஆண்டுகள் கொண்ட நாடு, பட்டியலிலேயே அதிகம். நாடு-ஆண்டு கணக்கில் 96 வரிசைகள் 71 ஆயின.

ஒரு முரண்பாடு இங்கே வெளிப்படையாகவே கிடக்கிறது. கட்டுரை 96 வரிசைகள் என்று சொல்கிறது. சராசரி வந்ததோ 71லிருந்து. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும். சராசரி போடுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்தில் அதே வரம்பின் எண்ணிக்கையைப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

பிழை கண்ணில் படாமல் போனதற்கு எக்செலின் இயல்பும் ஒரு காரணம். சராசரி ஃபார்முலா, எண் இல்லாத கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இருபது நாடுகளில் பாதிக்கு இந்தப் பெட்டியில் எண்ணே கிடையாது, ஆகவே ஆங்காங்கே வெற்றிடம் இருப்பது சகஜம். எத்தனை நாடுகள் சேர்ந்தன என்று விடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முகவரியால் தேர்ந்தெடுப்பது வேறு, நிபந்தனையால் தேர்ந்தெடுப்பது வேறு. ‘30 முதல் 44 வரை’ என்பது முகவரி. அங்கே என்ன இருக்கிறது என்று ஃபார்முலாவுக்குத் தெரியாது, கவலையும் இல்லை. ‘கடன் 90க்கு மேல் உள்ளவை’ என்பது நிபந்தனை. வரிசை எங்கே நகர்ந்தாலும், பட்டியலின் அடியில் புதிதாக ஐந்து நாடுகள் சேர்ந்தாலும் அது தேடிப் பிடிக்கும். ஆர், பைத்தான், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் எல்லாவற்றிலும் நிபந்தனையால் எடுப்பதே வழக்கம். எக்செலிலும் தரவை டேபிளாக மாற்றிவிட்டு நெடுவரிசைப் பெயரைச் சொல்லி ஃபார்முலா எழுதலாம். அப்போது டேபிள் வளர்ந்தால் ஃபார்முலாவும் கூடவே வளரும். அப்படி எழுதியிருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது.

நிரலாக்க மொழிக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. இரண்டாம் கழிவு மொழி மாறினால் தவிர்ந்திருக்கும். முதல் கழிவும் இனி சொல்லப் போகும் மூன்றாவதும் பைத்தானில் எழுதினாலும் அப்படியே நடந்திருக்கும்.

மூன்றாவது: சராசரிகளின் சராசரி

மிச்சமிருந்த 71 வரிசைகள் ஏழு நாடுகளைச் சேர்ந்தவை. முதலில் நாடு வாரியாகச் சராசரி எடுத்தார்கள். அப்புறம் அந்த ஏழு சராசரிகளுக்கும் ஒரு சராசரி. கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, நியூசிலாந்து −7.9, பிரிட்டன் 2.4, அமெரிக்கா −2.0. கூட்டினால் −0.5. ஏழால் வகுத்தால் −0.07, அதாவது −0.1.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட எண் இவ்வளவுதான். ஒரு காகிதத்தின் ஓரத்தில் போட்டுவிடலாம்.

பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் நியூசிலாந்தின் ஒரே ஆண்டுக்கும் இதில் சம எடை, ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழு எண்களில் நியூசிலாந்தை மட்டும் 2.6 என்று மாற்றிப் பாருங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம், பெல்ஜியம்கூட வெளியேயே இருக்கட்டும். விடை 1.4 ஆகிவிடும். ஒரே நாட்டின் நான்கு ஆண்டுகள் ஒன்றரைச் சதவீதப் புள்ளியைத் தூக்கி நிறுத்துகின்றன. பெல்ஜியத்தை மட்டும் சேர்த்து நியூசிலாந்தை அப்படியே விட்டால் விடை 0.3 பக்கத்தில்தான் வரும்.

அமெரிக்காவின் −2.0 பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நான்கு ஆண்டுகள் 1946 முதல் 1949 வரை. இரண்டாம் உலகப் போர் முடிந்து போர்த் தளவாட உற்பத்தி நின்று, படைகள் கலைந்த காலம். 1946இல் ஜிடிபி பத்துச் சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அந்தச் சரிவுக்குக் காரணம் கடன் அல்ல, போர் முடிந்தது. இந்த வரிசைகளைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெட்டியில் ஏழே எண்கள் இருக்கும்போது ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது கட்டாயம்.

எடை விஷயத்தில் ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பிரிட்டனின் 19 ஆண்டுகள் 19 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே நாடு, ஒரே கொள்கைகள், ஒன்றையொன்று தொடர்ந்த ஆண்டுகள். அவற்றுக்கு 19 மடங்கு எடை கொடுத்தால் நீண்டகாலம் கடனில் இருந்த இரண்டு மூன்று நாடுகளே விடையைத் தீர்மானித்துவிடும். நாட்டுக்கு ஒரு வாக்கு என்பது அதைத் தவிர்க்கத்தான். ஹெர்ன்டன் குழுவும் இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டே எழுதியது. எனக்கு இரண்டு முறைகளுமே ஏற்புடையவை. ஏற்க முடியாதது, ஒரு வாக்குக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டது.

மூன்றையும் பிரித்துப் போட்டால்

மேலே கொடுத்த பத்து நாடுகளின் எண்களை ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொரு முடிவையும் தனியாக இயக்கிப் பார்த்தேன். நாடு வாரி சராசரிகள் ஒரு தசமத்தோடு நிற்பதால் சிறு சிறு வேறுபாடு இருக்கும், ஆனால் படம் தெளிவாகவே வருகிறது.

எதையும் விடாமல், ஆண்டுக்கு ஒரு எடை கொடுத்தால் 2.2.

ஆண்டுகளை மட்டும் கழித்தால் (96 வரிசைகள்) 1.9. கடைசி ஐந்து நாடுகளை மட்டும் விட்டால் 1.9. எதையும் விடாமல் எடையை மட்டும் நாட்டுக்கு ஒன்று என்று மாற்றினால், அதுவும் 1.9.

மூன்று முடிவுகளில் எதைத் தனியாக எடுத்தாலும் 2.2 என்பது 1.9 ஆகிறது, அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்தால் −0.1. தனித்தனியாக 0.3 என்றால் மூன்றும் சேர்ந்து 0.9 தானே குறைய வேண்டும்? குறைந்ததோ 2.3.

இந்த இடத்தில்தான் இந்தச் சம்பவத்தின் முழுக் கனமும் இருக்கிறது என்பது என் கருத்து. ஃபில்டரின் விளைவுகள் கூட்டல் கணக்கில் சேர்வதில்லை. ஆண்டுகளைக் கழித்ததால் நியூசிலாந்து ஒற்றை வரிசையானது. ஆண்டுக்கு ஓர் எடை என்றிருந்தால் 96இல் ஒன்றாக அது கரைந்துபோயிருக்கும். நாட்டுக்கு ஓர் எடை என்றதும் அதே ஒற்றை வரிசை எட்டில் ஒரு பங்கு பெற்றது. பெல்ஜியம் விடுபட்டதும் ஏழில் ஒரு பங்கு. முன்னால் செய்த கழிவின் ஆபத்து, பின்னால் செய்த சராசரியில்தான் வெளியே வந்தது. நம் வேலைகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு நாளில், சில சமயம் வேறு வேறு ஆட்களால் நடக்கின்றன. தரவைச் சுத்தம் செய்கிறவர் பத்துச் சதவீத வரிசை போனால் பரவாயில்லை என்று முடிவு செய்வார். அறிக்கை எழுதுகிறவர் கிளை வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளுக்கு ஒரு சராசரி போடுவார். இருவருமே தவறாக எதுவும் செய்யவில்லை என்றே தோன்றும்.

தரவைக் குழு வாரியாகத் தொகுத்துக் காட்டும் எக்செலின் பிவட் டேபிள் இந்த விஷயத்தில் ஓர் உதவி செய்கிறது. அதில் சராசரியைக் கேட்டால், கீழே வரும் மொத்தச் சராசரி அடிப்படை வரிசைகளிலிருந்து கணக்கிடப்படும், மேலே தெரியும் குழுச் சராசரிகளிலிருந்து அல்ல. அந்த எண்ணும், கையால் போட்ட ‘சராசரிகளின் சராசரி’யும் வெகுவாக வேறுபட்டால் ஏதோ ஒரு குழு மிகச் சிறியதாக இருக்கிறது என்று பொருள். ஆர் மொழியிலும் பாண்டாஸிலும் குழுச் சராசரி எழுதும் அதே வரியில் குழுவின் வரிசை எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிவிடலாம். நியூசிலாந்துக்கு நேரே ‘1’ என்று நின்றிருந்தால் அந்த எண்ணை யாரும் அப்படியே விட்டிருக்க மாட்டார்கள்.

கருவிகள் எங்கே ஏமாற்றும்

இந்த ஆய்வைத் தாண்டி, இதே மாதிரி வேலையை இன்று செய்பவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. முக்கியமானது காலிக் கட்டம்.

ஒரு நாட்டின் ஓர் ஆண்டுக்குக் கடன் எண் கிடைக்கவில்லை, கட்டம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘30க்குக் குறைவு’ என்று வடிகட்டுகிறீர்கள். எக்செலின் மேலே இருக்கும் ஃபில்டர் மெனுவில் எண் நிபந்தனையாகக் கொடுத்தால் காலி வரிசை வராது. அதே ஷீட்டில் ஃபில்டர் ஃபார்முலாவை வைத்து அதே நிபந்தனையை எழுதினால் காலி வரிசை வந்துவிடும், ஏனென்றால் ஒப்பீட்டில் காலிக் கட்டம் பூஜ்யமாக நடத்தப்படுகிறது. கடன் தெரியாத ஆண்டு, கடனே இல்லாத ஆண்டாக மாறிவிடும். எஸ்க்யூஎல்லில் வெற்று மதிப்பு எந்த ஒப்பீட்டிலும் தேறாது. ‘30க்குக் குறைவு’ என்றாலும் வராது, ‘30 அல்லது அதற்கு மேல்’ என்றாலும் வராது. பாண்டாஸிலும் இந்த இரண்டு ஒப்பீடுகளில் அப்படித்தான். ஆர் மொழியில் டிப்ளையர் தொகுப்பின் ஃபில்டர் அந்த வரிசைகளைத் தூக்கிவிடும். அடைப்புக்குறி போட்டு எடுக்கும் பழைய முறையோ அவற்றை வெற்று வரிசைகளாக உள்ளே கொண்டுவரும். ஒரே நிபந்தனைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு நடத்தை. நான்கு பெட்டிகளின் எண்ணிக்கையையும் காலியானவற்றின் எண்ணிக்கையையும் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து நம்பகமான வழி வேறில்லை.

அடுத்தது, மறைப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல. ஃபில்டர் போட்டபின் சாதாரணக் கூட்டல் ஃபார்முலா மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். தெரிவதை மட்டும் கூட்ட சப்டோட்டல் ஃபார்முலா வேண்டும். அதிலும் கூட்டலுக்கான குறி எண்ணாக 9 என்று கொடுத்தால் ஃபில்டரால் மறைந்தவை மட்டும் விலகும், கையால் மறைத்தவையும் விலக வேண்டுமென்றால் 109 கொடுக்க வேண்டும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008 செப்டம்பர் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் ஒப்பந்தங்களில் எவற்றைப் பிரிட்டிஷ் வங்கியான பார்க்லேஸ் வாங்குகிறது என்ற எக்செல் பட்டியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் நீக்கப்படாமல் மறைக்கப்பட்டிருந்தன. நள்ளிரவுக் கெடுவுக்குள் ஃபைலை பிடிஎஃப் ஆக்கும் அவசரத்தில் அவை வெளியே வந்து பட்டியலில் சேர்ந்துவிட்டன. திருத்தம் கேட்டுத் திரும்பவும் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு

ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஃபார்முலா பிழையை உடனே ஒப்புக்கொண்டார்கள். விடுபட்ட ஆண்டுகள், எடை ஆகிய இரண்டிலும் தங்கள் நிலையைக் காத்துப் பேசினார்கள். மே மாதத்தில் திருத்தம் வெளியிட்டார்கள். சராசரியோடு சேர்த்து மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) தாங்கள் அன்றே கொடுத்திருந்தோம் என்று நினைவூட்டினார்கள். அது சரிதான், மூலக் கட்டுரையில் 90க்கு மேல் மீடியன் வளர்ச்சி 1.6. அந்த எண்ணை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அரசியலுக்கு −0.1 கவர்ச்சியாக இருந்தது.

திருத்திய எண்கள் நான்கு பெட்டிகளுக்கும் 4.2, 3.1, 3.2, 2.2. கடன் அதிகமுள்ள பெட்டியில் வளர்ச்சி குறைவு என்ற திசை அப்படியே இருக்கிறது. காணாமல் போனது பள்ளம். 90ஐத் தொட்டதும் சரிந்து விழும் ஓர் எல்லை தரவில் இல்லை. ஹெர்ன்டன் குழு கடைசிப் பெட்டியை மேலும் இரண்டாகப் பிரித்தபோது 90 முதல் 120 வரை 2.4 என்றும், அதற்கு மேல் 1.6 என்றும் வந்தது.

காரணம் எது, விளைவு எது என்ற கேள்வி இன்னும் பெரியது. எந்த ஃபில்டராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆம்ஹர்ஸ்டிலேயே பணியாற்றிய அரிந்திரஜித் துபே அதே மாதத்தில் அதே தரவை எடுத்து, இன்றைய கடன் அளவு வரப்போகும் வளர்ச்சியைவிட ஏற்கெனவே நடந்து முடிந்த வளர்ச்சியோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று காட்டினார். வளர்ச்சி விழுந்ததால் கடன் விகிதம் ஏறியிருக்கலாம் என்ற வாதத்துக்கு அது வலு சேர்த்தது. 2014இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் மூவர், பெஸ்கடோரி, சாண்ட்ரி, சைமன், இன்னும் நீண்டகாலத் தரவை வைத்துத் தேடினார்கள். அதைத் தாண்டினால் நடுத்தரக் கால வளர்ச்சி சரிந்துவிடும் என்று சொல்லத்தக்க எந்தக் கடன் எல்லையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடனின் அளவைப் போலவே, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் முக்கியம் என்று எழுதினார்கள்.